கொட்டியாரக்குடாவைத் தாண்டி வந்த படம்: ரூபவாஹினியின் முதற்காலமும் திருகோணமலையும்

"இப்ப வருதோ?"

"சத்தம் வருது மாமா. படம் இல்லை."

"இப்ப?"

"வருது, வருது! அப்பிடியே நில்லுங்கோ... ஐயோ, போட்டுது."

1980களின் நடுப்பகுதியில் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூரையில் குழாயைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர், சன்னலடியில் ஒருவர், பெட்டிக்கு முன்னால் ஒருவர். பாலையூற்றில் எங்கள் வீட்டுக் கூரையில் நின்றவர் மாமா. பெட்டிக்கு முன்னால் இருந்தவர் அம்மம்மா. அவர் சொல்வதைக் கேட்டு மேலே கத்திச் சொல்லும் சன்னலடிப் பிள்ளை நான். மாமா ரேடியோ திருத்தும் சிறிய கடை வைத்திருந்தார். தொலைக்காட்சி வந்த பிறகு அவருடைய வேலையில் பாதி கூரைகளுக்கு மாறிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு ஏணி பிடிக்கப் போவேன்.

இந்த ஆய்வின் கேள்வி சிறியது. தேசியத் தொலைக்காட்சி என்று சட்டம் போட்டுத் தொடங்கிய ரூபவாஹினி, தலைநகரிலிருந்து தொலைவில் உள்ள ஒரு தமிழ் பேசும் துறைமுக நகருக்கு எப்படி வந்தது, எவ்வளவு வந்தது? இலங்கைத் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கொழும்புக் கலையகத்துக்குள் நின்று எழுதுகிறார்கள். நான் கூரையிலிருந்து எழுத விரும்புகிறேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு தூரங்கள் தெரிகின்றன: அலை கடக்க வேண்டிய தூரம், மொழி கடக்க வேண்டிய தூரம். முதலாவதைத் திருகோணமலை தன் கைக்காசில் குழாய் வாங்கிக் கடந்தது. இரண்டாவதைக் கடக்கும் வழி எங்கள் கையில் இருக்கவில்லை.

கொழும்பில் தொடங்கியது

இலங்கையின் முதல் தொலைக்காட்சியைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன ஆகியோர் முன்னின்று தொடங்கிய ஐ.ரி.என். என்ற சுயாதீன தொலைக்காட்சி, 1979 ஏப்பிரல் 13ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், ஒளிபரப்பில் இறங்கியது. பன்னிப்பிட்டியவில் ஒரு தோட்டத்தில் இருந்த அதன் பரப்பி, அதாவது அலையை அனுப்பும் நிலையம், கொழும்பைச் சுற்றி ஏறக்குறைய 24 கிலோமீட்டர் வரைதான் எட்டியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1979 யூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அந்த நாட்களில் திருகோணமலையில் இருந்தவர்களுக்கு ஐ.ரி.என். என்பது பத்திரிகையில் வாசித்த செய்தி மட்டும். கொழும்புக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் புதினம்.

தேசியம் என்ற சொல்லுக்கு ஏற்ற அளவில் வந்தது ரூபவாஹினி. ஜப்பான் அரசின் நன்கொடையில் கட்டடமும் கருவிகளும் வந்தன. 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்புத் தொடங்கியது. அயல்நாடான இந்தியாவில் தூரதர்ஷன் 1959இலேயே டில்லியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1975இல் சென்னைக்கு வந்து, 1982இல்தான் வண்ணத்துக்கு மாறியது. ரூபவாஹினி பிந்தி வந்தாலும் வந்த நாளிலிருந்தே வண்ணம். அதில் நாங்கள் பெருமைப்பட்டோம், அதைச் சொல்லத்தான் வேண்டும். கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களும் பெருமைப்பட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொலைக்காட்சிச் சேவையை நடத்துவதும் வளர்ப்பதும் மட்டுமல்ல, வேறு எவரும் நிலையம் அமைப்பதென்றால் அதற்கு உரிமம் வேண்டும் என்ற ஏற்பாடும் அதிலேயே வந்தது. 1990களின் தொடக்கத்தில் தனியார் நிலையங்கள் வரும்வரை, நாடு முழுவதும் அரசின் கையில் இருந்த இரண்டே அலைவரிசைகள்தான். இரண்டில் எங்கள் கூரைக்கு எட்டக்கூடியது ஒன்று.

180 கிலோமீட்டர்

ரூபவாஹினியின் முதன்மைப் பரப்பி நுவரெலியாவுக்கு மேலே, பிதுருதலாகலை மலை உச்சியில். 2524 மீட்டர், நாட்டிலேயே உயர்ந்த இடம். தொலைக்காட்சி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. பூமி உருண்டை என்பதால் ஓர் எல்லைக்கு அப்பால் அது நிலத்தை விட்டு மேலே போய்விடும். அந்த எல்லையைக் கணக்கிட மாமா கடைச் சுவரில் சோக்கால் ஒரு வாய்ப்பாடு எழுதி வைத்திருந்தார்: உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 2524இன் வர்க்கமூலம் 50 சொச்சம். பெருக்கினால் 207 வரும். திருகோணமலைக்கும் பிதுருதலாகலைக்கும் இடையே காகம் பறக்கும் தூரம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். கணக்குப்படி நாங்கள் எல்லைக்குள் இருந்தோம்.

ஆனால் எல்லைக்குள் இருப்பதும் எல்லையோரத்தில் இருப்பதும் ஒன்றல்ல. மலையிலிருந்து புறப்படும் அலை நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்கு ஓரமாக வந்து, பொலன்னறுவைப் பக்கமாகச் சமவெளியில் இறங்கி, கொட்டியாரக்குடாவைக் கடந்து நகருக்குள் வரவேண்டும். வந்து சேரும்போது அது நிலத்துக்கு மிக நெருங்கி, தென்னை வட்டுகளைத் தடவுகிற உயரத்துக்கு வந்திருக்கும். இதனால்தான் உவர்மலையில் இருந்தவர்களுக்குச் சாதாரண அன்ரெனாவில் வந்த படம், பாலையூற்றுப் பள்ளத்தில் இருந்த எங்களுக்கு வர மறுத்தது. ஒரே நகரம், ஒரே பெட்டி, இடையில் சில பத்து மீட்டர் உயர வித்தியாசம்.

வடக்கே இருந்து உதவி வந்திருக்கலாம். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் கோகாவிலில் ரூபவாஹினிக்கு ஒரு கோபுரம் இருந்தது. வடபகுதிக்குப் படம் கொடுக்க நின்ற கோபுரம் அது. அங்கிருந்து திருகோணமலை நேர்கோட்டில் 115 கிலோமீட்டர் அளவுதான், பிதுருதலாகலையை விடக் கிட்ட. ஆனால் கோகாவில் மலை அல்ல, வன்னியின் தட்டை நிலம். அதே வாய்ப்பாட்டைப் போட்டால், 100 மீட்டர் உயரக் கோபுரத்தின் எல்லை 41 கிலோமீட்டர். ஆக, தெற்கு மலையின் எல்லையோரத்திலும் வடக்குக் கோபுரத்தின் எல்லைக்கு வெளியிலும் எங்கள் நகரம் இருந்தது.

ஆளில்லா வனாந்தரமாக இருந்தால் இது பொருட்டில்லை. இது கிழக்கின் பெரிய துறைமுகம், மாவட்டத் தலைநகரம், 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபை வந்து அமர்ந்த இடம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது இன்றும் என் மனதை உறுத்துகிறது. 1984 முதல், நிலாவெளிக்கு அப்பால் கடற்கரையோரத்தில், ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி, தன் நிகழ்ச்சிகளை வாங்கி மறுபடி பரப்பும் அஞ்சல் நிலையத்தை நடத்தியது. ஆசியாவின் பல நாடுகளுக்கு அந்த நாட்டின் குரல் எங்கள் மாவட்டத்து மணலில் நின்ற கம்பங்களிலிருந்து போனது. அலை அனுப்ப இந்தக் கடற்கரை அவ்வளவு தோதான இடம் என்று உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குழாயும் உப்பும்

மாமாவின் முறை எளிது. கல்வனைஸ் குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவார். மூன்று பக்கமும் கம்பி இழுத்துத் தென்னையிலோ மதில் தூணிலோ கட்டுவார். உச்சியில் அலுமினிய அன்ரெனா, அதன் குறுக்குக் கம்பிகள் ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் சொச்சம். அந்த நீளம் தற்செயல் அல்ல. ரூபவாஹினி வந்த அலையின் நீளம் ஏறக்குறைய 1.7 மீட்டர், அதில் பாதியளவு கம்பி இருந்தால்தான் அலையை நன்றாகப் பிடிக்கும். எல்லையோரத்து நகரம் என்பதால் ஐந்தாறு கம்பி போதாது, பத்துக்கு மேல் வேண்டும் என்பார். கம்பி கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் பார்வை குறுகும். சற்றே திரும்பினாலும் படம் போய்விடும்.

எந்தப் பக்கம் திருப்புவது? அவர் திசைகாட்டி வைத்திருக்கவில்லை. "மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் நடுவில பார்" என்பார். வெகுகாலத்துக்குப் பிறகு வரைபடத்தை விரித்துக் கோணம் அளந்து பார்த்தேன். நகரிலிருந்து பிதுருதலாகலை தெற்கிலிருந்து பதினாறு பாகை மேற்கே. மூதூர் தெற்குக்குச் சற்றுக் கிழக்கே, கிண்ணியா தென்மேற்கே. மாமா சொன்னது அச்சொட்டாகச் சரி. கூரைகளில் ஏறி ஏறி அவர் கண்டுபிடித்த திசை அது.

படம் வந்தபின் தொடங்குவது உப்போடு சண்டை. கடற்காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்துவிடும். கம்பியும் வயரும் சேரும் ஆணியில் பச்சைப் பாசி போல ஒன்று பிடிக்கும், அது செம்பு அரிப்பது. முதலில் நிறம் போகும், பிறகு முகங்களில் புள்ளி விழும், கடைசியில் சத்தம் மட்டும் மிஞ்சும். தட்டையான ரிப்பன் வயர் போட்ட வீடுகளில் மாரி தொடங்கியதும் படம் மங்கும், ஈரம் வயருக்குள் இறங்கி அலையைக் குடித்துவிடும். டச்சுக்குடாப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அவர் முதலிலேயே சொல்லிவிடுவார்: "அக்கா, இது ரெண்டு மாரிக்கு மேல தாங்காது. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது." ஆணியைக் கழற்றி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, கிறீஸ் பூசி மறுபடி முடுக்குவார். அந்தக் கிறீஸ் மணத்தை இப்போதும் என்னால் நினைக்க முடிகிறது.

இதற்கெல்லாம் யார் காசு கொடுத்தார்கள்? ஒவ்வொரு வீடும் தன் காசை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் பெட்டி வந்தது. குழாய்க்கு மறுபடி கடன். கொழும்பில் உள்ளவர் பெட்டிக்கு மேலே இரண்டு கொம்புக் கம்பியை விரித்துவிட்டுப் பார்த்த அதே நிகழ்ச்சிக்கு, நாங்கள் பெட்டிக்கு ஒரு விலையும் கூரைக்கு ஒரு விலையும் கொடுத்தோம். ஒரு தேசியச் சேவையின் செலவில் ஒரு பங்கு இப்படிக் கணக்கில் வராமல் தூரத்து ஊர்களின் கூரைகளில் ஏறியிருக்கிறது. அதைக் கூட்டிப் பார்த்தவர் எவருமில்லை.

சில மாலைகளில் வேறொன்று நடக்கும். கடல் அசையாமல் கிடக்கும், காற்று விழுந்திருக்கும். திடீரென்று ரூபவாஹினிப் படத்துக்குக் குறுக்கே வேறொரு படம் மிதக்கும். தூரதர்ஷன்! கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் சூடான வறண்ட காற்று மூடிபோலப் படியும்போது, அலை மேலே தப்பிப் போகாமல் அந்த இடுக்கில் வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். இரு நாடுகளும் வண்ணப் படத்துக்கு ஒரே பால் (PAL) முறையைப் பாவித்ததால் எங்கள் பெட்டியில் அது அப்படியே தெரிந்தது. மாமா ஓடிப்போய் அன்ரெனாவை வடக்கே திருப்புவார். பத்து நிமிடம், சில நாள் அரை மணி. தமிழில் ஒரு பெண் வயலும் விதையும் பற்றிப் பேசுவார், அதை நாங்கள் மூச்சுவிடாமல் பார்ப்போம். நகரில் அப்போது வயல் வைத்திருந்தவர்கள் எங்கள் தெருவில் ஒருவருமில்லை. பிறகு அது கரைந்துபோகும்.

மொழிக்கு எத்தனை நிமிடம்

இரண்டாவது தூரத்துக்கு வருகிறேன். இதை விளங்கிக்கொள்ள வானொலியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் வானொலி 1925 டிசெம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, தமிழ்நாட்டுக் கிராமங்களும் நேரம் பார்த்துக் காத்திருந்து கேட்கும் அளவுக்கு வளர்ந்தது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரல்களை இரு கரையிலும் அடையாளம் கண்டார்கள். அதற்குக் காரணம் அறிவிப்பாளர்களின் திறமை மட்டுமல்ல. வானொலியில் தமிழுக்குத் தனி அலைவரிசை இருந்தது. காலை முதல் இரவு வரை ஒரு மொழியின் வாழ்க்கை முழுவதையும் அதற்குள் வைக்க இடம் இருந்தது: பக்திப் பாடல், நாடகம், மரண அறிவித்தல், சிறுவர் நிகழ்ச்சி, நேயர் கடிதம். வானொலியின் மத்திய அலை பூமியின் வளைவை ஒட்டியும் போவது. ஆகவே திருகோணமலையில் வானொலி என்றைக்கும் தெளிவு. எங்கள் அம்மம்மாவுக்கு இலங்கை என்பது முதலில் வானொலியில் கேட்ட ஒரு தமிழ்க் குரல்.

ரூபவாஹினி வந்தபோது நிலை மாறியது. அலைவரிசை ஒன்று, மொழி மூன்று, ஒளிபரப்போ மாலையும் இரவும்தான். வானொலியில் தமிழ் ஓர் அலைவரிசையாக இருந்தது. தொலைக்காட்சியில் அது சில நிமிடங்களாகச் சுருங்கியது. தமிழ்ச் செய்தி, வாரத்தில் சில தமிழ் நிகழ்ச்சிகள், எப்போதாவது ஒரு தமிழ்ப் படம். தமிழ்ப் பிரிவில் வேலை செய்தவர்கள் உழைப்பில் குறை வைத்ததாக நான் நினைக்கவில்லை. கொடுத்த நேரத்துக்குள் அவர்கள் நாடகமும் கவியரங்கும் இசையும் செய்தார்கள். ஆனால் நேரம் என்பது தொலைக்காட்சியில் நிலம் மாதிரி. துண்டுக் காணியில் எவ்வளவு நன்றாகப் பயிரிட்டாலும் விளைச்சல் துண்டுக் காணி அளவுதான்.

மற்ற நேரமெல்லாம் நாங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பார்த்தோம். அதில் நல்லதும் இருந்தது. சிங்களக் குரலோடு வந்த ஜப்பானியத் தொடர் ஓஷினுக்காக எங்கள் தெருவில் சமையல் முன்கூட்டியே முடிந்தது. சிங்களம் பள்ளியில் கற்காத என் அக்கா அந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்தே பேசும் அளவுக்குப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது பிறகு வேலை எடுக்கவும் உதவியது. இதை நான் மனமாரச் சொல்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கம் அப்படி ஒன்று நடந்ததா? தமிழில் ஒரு தொடர் பார்த்து, அதன்மூலம் தமிழ் பிடித்துக்கொண்ட மாத்தறைப் பிள்ளை ஒருத்தி உண்டா? மூன்று மொழிகளும் ஒரே திரையில் வந்த காலம் அது. ஒருவர் மொழியை ஒருவர் வீட்டுக்குள் இருந்தபடி கேட்க நாட்டுக்குக் கிடைத்த அருமையான சந்தர்ப்பம். அது ஒரு திசையில்தான் வேலை செய்தது.

ஒரு மாலையை மட்டும் கிட்டப்போய்ச் சொல்கிறேன். குழாய் நட்டு, கம்பி கட்டி, பொழுதுபட்ட பிறகு முதல் தடவை படம் நின்றது. தமிழ்ச் செய்தி. புள்ளிகளுக்கு நடுவில் ஒருவர் நேரே எங்களைப் பார்த்து வாசித்தார். அம்மம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார், வீட்டுக்கு வந்த ஆளின் முன் செய்வதுபோல. முடிந்து, வணக்கம் சொன்னதும் இவரும் கை கூப்பினார். அடுத்தது சிங்களத்தில் தொடங்கியது. "அந்தத் தம்பி போட்டாரோ?" என்று கேட்டார். "இனி நாளைக்குத்தான் அம்மம்மா" என்றேன். எழுந்து போய்ப் பழைய வானொலியைப் போட்டார்.

அந்த இடைவெளியை டெக், அதாவது வீடியோ கசற் போடும் கருவி, நிரப்பியது. வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று தமிழ்ப் படம் போடுவார்கள். கலியாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் டெக் வந்துவிடும், மின்சாரம் இல்லாவிட்டால் ஜெனரேற்றரோடு வரும். கொழும்பு தமிழுக்குக் கொடுக்காத மணித்தியாலங்களைத் திருகோணமலை கடையில் வாடகைக்கு எடுத்தது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் டெக்கில் வந்தது சென்னையில் எடுத்த படம். அதில் எங்கள் ஊர் இல்லை, எங்கள் பேச்சு இல்லை. தம்பலகாமத்து வயலும் கோணேசர் கோயில் மலையும் மூதூர்ப் படகும் தமிழ்த் திரையில் வருவதைப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை வளர்ந்தது.

பிறகு

1983 யூலைக்குப் பின் எல்லாம் வேறு. ஊரடங்கு இரவுகளில் பெட்டியைச் சத்தம் குறைத்து வைத்துப் பார்த்தோம். திரையில் சொல்லப்பட்டதும் தெருவில் நடந்ததும் ஒத்துப்போகாத நாட்கள் நிறைய. அப்படியான நாட்களில் அயலவர்கள் வானொலியில் பிபிசி தமிழோசைக்குத் திரும்பினார்கள். 1990 யூலையில் கோகாவில் இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது, கோபுரமும் அதோடு போயிற்று. 2011 யூனில்தான் அங்கே 174 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. இடையில் இருபது வருடங்களுக்கு மேல்.

ஐ.ரி.என்.ஐத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷான் விக்கிரமசிங்க 1993இல் ரி.என்.எல். என்ற தனியார் நிலையத்தோடு மறுபடி வந்தார். தமிழுக்கென்று முழு அலைவரிசையாக சக்தி ரிவி வந்தது 1998இல், ரூபவாஹினி தொடங்கி 16 வருடம் கழித்து. அரசுத் தரப்பில் ஐ.ரி.என். தன் தமிழ் அலைவரிசையான வசந்தத்தைத் தொடங்கியது 2009இல், ஐ.ரி.என். பிறந்து முப்பது வருடம் ஆன பிறகு. அந்த வருடங்களுக்குள் அம்மம்மா இல்லை. மாமாவும் கடையை மூடிவிட்டார். இந்திய அலைவரிசைகள் டிஷ்ஷில் வீட்டுக்கு வீடு இறங்கிவிட்டிருந்தன.

டிஜிட்டல் ஒளிபரப்புக்கு இலங்கை 2014இல் தேர்ந்தெடுத்ததும் ஜப்பானின் முறையைத்தான். அதற்கான கோபுரங்களைத் திட்டமிடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டிஜிட்டலில் எல்லையோரத்து ஊருக்குப் புள்ளி விழுந்த படம்கூட வராது, வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. ஆகவே வரைபடத்தில் வட்டம் போடுவதற்கு முன் பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் சாதாரண வீட்டுக் கூரை உயரத்தில் அளந்து பாருங்கள். எங்கள் பழைய குழாய் இன்னும் நிற்கிறது, உச்சியில் அன்ரெனா இல்லை. அளவுக்கருவி கட்ட வேண்டுமென்றால் தரலாம்.